டோசிங் பம்ப் 'டக் டக்' என்றால் மருந்து போகிறதா?

"அண்ணே, பம்ப் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கொட்டகைக்குள் நுழைந்ததும் காதில் விழுவது இதுதான். குளோரின், கலங்கலைத் தெளியவைக்கும் ஆலம் (படிகாரம்) போன்ற மருந்தைத் தண்ணீரில் அளவோடு செலுத்தும் டோசிங் பம்பைத்தான் சொல்கிறார்கள். லயத்துக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தால் குளோரின் துளியும் இல்லை. தொட்டித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது. ஆனால் பம்ப் ஓடுகிறதாம்! இந்த மழைக்காலத்தில் இது எத்தனையாவது இடம் என்று எண்ணுவதையே விட்டாயிற்று.

பம்ப் தலைக்குக் கீழே ஒரு வால்வு, மேலே ஒரு வால்வு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் குண்டு. கீழ்க்குண்டு தன் இருக்கையில் சரியாக உட்காராவிட்டால், டயப்ரம் (முன்னும் பின்னும் அசைகிற சவ்வு) தள்ளுகிற மருந்து வந்த வழியே மருந்துத் தொட்டிக்குத் திரும்பிவிடும். மேல்குண்டு உட்காராவிட்டால், தள்ளிய மருந்தையே பம்ப் மறுபடி உறிஞ்சும். தலைக்குள் காற்று சிக்கினால் அந்தக் குமிழி சுருங்கி விரிந்துகொண்டிருக்கும், மருந்து நகராது. தகரக் கூரைச் சூட்டில் ஹைபோ (சோடியம் ஹைபோகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) வாயு விடும், அதனால் மத்தியானத்தில் இந்தத் தொல்லை கூடும். மூன்றிலும் 'டக் டக்' சத்தம் அப்படியேதான் கேட்கும். சத்தத்தை வைத்து அளவு சொல்கிற காது யாருக்கும் கிடையாது.

இதைவிட எரிச்சல், மருந்து குறைகிறது என்றதும் ஒவ்வொரு தள்ளலின் அளவையும் கூட்டிக் குறைக்கும் ஸ்ட்ரோக் திருகை 100 சதவீதத்துக்குத் திருப்பிவிடுவது. குண்டுக்கடியில் ஆலம் துணுக்கு மாட்டி, பாதி மருந்துதான் போகிறது என்று வையுங்கள். நீங்கள் 50-இலிருந்து 100-க்குத் திருப்புகிறீர்கள், கணக்குச் சரியாகிவிட்டது போலத் தெரியும். இரவில் துணுக்கு தானாக விலகினால், காலைத் தண்ணீரில் இரண்டு மடங்கு மருந்து. குறை வால்வில் இருக்கும்போது திருகு என்ன செய்யும்?

அளந்து பாருங்கள். வாரம் ஒருமுறை போதும். உறிஞ்சும் குழாயில் நிற்கும் அளவுக் கண்ணாடியில் மருந்தை மேல்கோடு வரை நிரப்பி, மருந்துத் தொட்டி வால்வை மூடி, பம்பைச் சரியாக 60 விநாடி ஓடவிட்டு, எத்தனை மில்லி இறங்கியது என்று எழுதுங்கள். மணிக்கு 20,000 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மணிக்கு 40 கிராம் வேண்டும். லிட்டருக்கு 100 கிராம் குளோரின் உள்ள ஹைபோவில் அது 400 மில்லி, அதாவது நிமிடத்துக்கு ஏழு மில்லிக்குச் சற்றுக் குறைவு. வெயிலில் கிடந்த ஹைபோ வீரியம் இழந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வெளியேற்றும் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்து அளக்காதீர்கள். எதிரழுத்தம் (தண்ணீர்க் குழாய் திருப்பித் தள்ளும் அழுத்தம்) இல்லாத அளவு பொய் அளவு. கடைசித் தீர்ப்பு கடைசி லயத்துக் குழாயில்தான்: மலேசியக் குடிநீர்த் தரப்படி எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை.

அளவு குறைந்தால் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். சுவிட்சை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டி, வெளியேற்றும் குழாயின் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள், தயவுசெய்து. ஆலம் பம்பில் குண்டைச் சுற்றி வெள்ளை மாவு போல ஒட்டியிருக்கும்; வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கரையும். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் இருக்கையில் கீறல் விழும், பிறகு அந்த வால்வு எந்நாளும் ஒழுகும். மாட்டும்போது திசை அம்பு மேல்நோக்கி இருக்கட்டும். பிளாஸ்டிக் வால்வுக்குக் கையிறுக்கமே போதும். அடுத்து ஃபுட் வால்வ் (உறிஞ்சும் குழாயின் அடிநுனி வால்வு): மருந்துத் தொட்டி அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும், சகதியை ஏன் உறிஞ்ச வேண்டும்? சல்லடையை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

பம்ப் தலைக்குப் பின்னால் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே மருந்து சொட்டினால் டயப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டையை சிலிக்கோன் பசை வைத்து அடைத்த புண்ணியவான்கள் உண்டு! போக வழியில்லாத மருந்து உள்ளே போய் பேரிங்கைத் தின்னும். சில நூறு ரிங்கிட் டயப்ரத்தோடு போயிருக்க வேண்டியது முழு பம்பில் போய் நிற்கும். டயப்ரம், குண்டு, இருக்கை, ஓ-ரிங் நான்கையும் ஆண்டுக்கொருமுறை சேர்த்தே மாற்றுங்கள். தலை போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கி, மறுநாள் மறுபடி சரிபாருங்கள். டயப்ரத்தின் டெஃப்லான் அழுந்தி இளகும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் கெஞ்சத் தயார். ஹைபோ பம்ப் பழுது என்று ஆலம் பம்பை அப்படியே ஹைபோ தொட்டிக்கு மாற்றிப் போடாதீர்கள். ஆலம் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. ஹைபோவோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதுவும் கதவு சாத்திய கொட்டகைக்குள். ரப்பர்ப் பால் ஆலையில் ஃபார்மிக் அமிலம் ஓடிய பம்ப் என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். மருந்துக்கு ஒரு பம்ப், மாற்றுக்கு இன்னொன்று, இரண்டின் மேலும் மருந்தின் பெயரைப் பெரிதாகப் பெயின்டில் எழுதுங்கள், தமிழிலும் மலாயிலும். ராத்திரி ஷிஃப்டில் வருகிற வங்காளதேசத் தம்பிக்கு அவர் எழுத்திலும்.