இரண்டு பைட்டுகளின் முத்திரை

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளின் மடிக்கணினி விண்டோஸுக்குள் போக மறுக்கிறது. எஸ்பிஎம் தேர்வுக் குறிப்புகள் எல்லாம் அதில்தான். கடையில், அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போட முடியும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?"

உண்டு, அம்மா. கெட்டது இயங்குதளம் மட்டும் என்றால் கோப்புகள் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி அவற்றை எடுத்துவிடலாம்.

மின்சாரம் பாய்ந்த கணத்தில் செயலிக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வட்டைப் படிக்க நிரல் வேண்டும். அந்த நிரலோ வட்டில் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பது மதர்போர்டில் உள்ள சில்லு. அதிலிருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல், வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் எடுத்து, நினைவகத்தின் 31,744ஆம் முகவரியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இதே முகவரிதான்.

எந்த வட்டை நம்புவது? அந்த 512இன் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருக்க வேண்டும். அதுதான் முத்திரை. இரும எண்ணில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்:

01010101
10101010

1களைப் புள்ளிகளாகக் கொண்டால் இது ஊடுபுள்ளிக் கோலம்! ஜார்ஜ் டவுனில் அண்ணன் மகனுக்கு இதைத் திரையில் காட்டினேன். 512 எண்களையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்து, கடைசி இரண்டில் நிறுத்தி, "இவ்வளவுதானா, சித்தப்பா?" என்றான். இவ்வளவுதான். முத்திரை சரியாக இருந்தால் போதும், சொந்த வட்டா இரவல் வட்டா என்று பயாஸ் பார்ப்பதில்லை. தமிழ்ப்பள்ளிக் கணினி வகுப்புகளில் தட்டச்சுக்கு முன்பே இதைக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதிய கணினிகளில் பயாஸின் இடத்தில் உள்ள யூஇஎஃப்ஐ, முத்திரையோடு நிற்காமல், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடுகிறது. வரிசையில் எந்த வட்டை முதலில் பார்ப்பது என்பது அங்கும் நம் கையில்தான்.

இன்னொரு கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியை முடுக்கியதும் எஃப்12 (சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) விசையைத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவவா என்று கேட்டால் வேண்டாம். சோதித்துப் பார்ப்பதற்கான வழியில் செல்லுங்கள். வட்டுக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவி எண் தேவைப்படும். குறிப்புகளை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்த பிறகு கடைக்குக் கொடுங்கள். வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். அது தரவு மீட்பு வல்லுநரின் வேலை.