டி.ஏ. 58 சதவீதம் என்றால் என்ன கணக்கு?

அகவிலைப்படி (டி.ஏ.) கூடியதாகச் செய்தி வந்தாலே, "கவர்மென்ட்காரங்களுக்கு மறுபடியும் சம்பளம் ஏறிடுச்சு" என்று டீக்கடையில் பேச்சு வரும். உண்மையில் ஏறியது விலைவாசி. அதற்கு ஈடுகட்டத்தான், அதுவும் கொஞ்சம் தாமதமாக, இந்தப் படி வருகிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை இது மாறும். தொழிலாளர் வாழ்க்கைச் செலவை வைத்து மாதாமாதம் வெளியாகும் அகில இந்திய விலைக் குறியீட்டு எண்தான் அடிப்படை. 12 மாதச் சராசரி 143.6 என்று வைத்துக்கொள்வோம். இது 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட எண். பழைய வரிசைக்கு மாற்ற 2.88 ஆல் பெருக்கினால் 413.57. ஏழாவது ஊதியக்குழு தொடக்கப்புள்ளியாக எடுத்தது 2015-ஆம் ஆண்டுச் சராசரியான 261.42. அதைவிட இது எத்தனை சதவீதம் கூடுதல் என்று பார்த்தால் 58.2 வரும். புள்ளிக்குப் பிறகு இருப்பதைத் தள்ளிவிடுவார்கள், ஆக 58. 2025 ஜூலையில் வந்த விகிதம் இதுதான்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளம் 18,000 வாங்குபவருக்கு இது 10,440 ரூபாய். முழுத்தொகைக்கும் வருமான வரிக் கணக்கு உண்டு. ஓய்வூதியர்களுக்கு இதே விகிதம் அகவிலை நிவாரணம் என்ற பெயரில் வரும். தமிழக அரசும் பெரும்பாலும் மத்திய அரசின் விகிதத்தையே பின்பற்றுகிறது.

குறியீடு நாடு முழுவதற்குமானது என்பதால், கோயம்பேட்டில் மட்டும் காய்கறி விலை எகிறினால் அது சராசரியில் கரைந்துபோகும். வீட்டு வாடகைக்குத் தனிப் படி உண்டு. டி.ஏ. 50 சதவீதத்தைத் தொட்டதால் 2024 ஜனவரி முதல் சென்னை போன்ற பெருநகரங்களில் அது 27-லிருந்து 30 சதவீதம் ஆனது. ஆனால் அதை அடிப்படைச் சம்பளத்தில் மட்டுமே போடுவார்கள்: 18,000-க்கு 5,400. அந்தப் பணத்துக்குச் சென்னையில் எந்தத் தெருவில் வீடு கிடைக்கும் என்பது வேறு கதை.

டி.ஏ. உயர்வு நிற்கவே நிற்காது என்றும் இல்லை. கொரோனா சமயத்தில், 2020 ஜனவரி தொடங்கி மூன்று தவணைகளை நிறுத்திவைத்தார்கள். 2021 ஜூலையில் 17 சதவீதம் 28 ஆனபோதும் இடைக்கால நிலுவை வரவில்லை. விலை மட்டும் அந்த 18 மாதமும் சும்மா இருக்கவில்லை.

சரி, இந்தப் பாதுகாப்பு இல்லாதவர்கள்? பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. அதற்கு அகவிலை நிவாரணம் கிடையாது. மேலே சொன்ன கணக்குப்படி, 2015-இல் 1,000 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 2025-இல் 1,580 வேண்டும். அதாவது அந்த 1,000-க்கு இப்போது பழைய 633 ரூபாய்ச் சரக்குதான் கிடைக்கும். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகைக்கும் குறியீட்டோடு தொடர்பில்லை. 2011-இல் 1,000 ஆனது, 1,200 ஆக 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.