ஹார்மோன்: செடிகொடிக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் லண்டனில் ஆற்றிய விரிவுரையில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் உடலியங்கியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். 'கிளப்பிவிடு, இயங்கச் செய்' என்ற பொருளுடைய கிரேக்க வினைச்சொல்தான் இதன் வேர். ஓரிடத்தில் உண்டாகி, இன்னோரிடத்துக்குப் போய், துளியளவிலேயே ஒரு வேலையைத் தொடக்கிவைக்கும் வேதிப்பொருள் என்பது கருத்து. ஸ்டார்லிங் பேசியது விலங்குடலைப் பற்றி: சுரப்பியில் ஊறி இரத்தத்தில் கலப்பது. தமிழில் 'இயக்குநீர்', 'சுரப்புநீர்' என்று வழங்குவதும் அந்தப் பொருளில்தான். இலங்கைப் பாடநூல்களில் 'ஓமோன்'.

செடிகொடிக்கு வந்தால் இந்த 'நீர்' ஒட்டாது. பல பழங்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் ஒரு வாயு. தெருவிளக்குக்கு எரித்த வாயு பட்ட பட்டாணி நாற்றுகள் தடித்துக் கோணலாக வளர்வதற்குக் காரணம் எத்திலீன் என்று 1901இல் ரஷ்யாவின் திமித்ரி நெல்யூபோவ் கண்டார். பழுத்த ஆப்பிளே அந்த வாயுவை வெளியிடுகிறது என்று 1934இல் ரிச்சர்ட் கேன் மெய்ப்பித்தார். அதாவது, காய் தானே உண்டாக்கும் வாயு தன்னையும் பழுக்கவைக்கும், பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்கவைக்கும்.

தாவர ஹார்மோனை 'வளரூக்கி' என்றும் எழுதுகிறார்கள். பழுப்பதோ வளர்ச்சி முடிந்த பின் நடப்பது. முற்றிய வாழைக்காயில் எத்திலீன் சிறிது எழுந்ததும் அதுவே மேலும் எத்திலீனைப் பெருக்குகிறது. சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்த மாவுச்சத்து சர்க்கரையாகிச் சில நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செல்சுவர்களைப் பசைபோலப் பிணைத்திருக்கும் பெக்டின் கரையக் கரையச் சதை குழைகிறது. பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரிகிறது.

இதைவிட வியப்பானது உள்ளே நடப்பது. செல்லில் எத்திலீனை உணரும் புரதங்கள், எத்திலீன் இல்லாதபோதுதான் வேலை செய்கின்றன. 'பழுக்காதே' என்று தடுத்து வைப்பதே அந்த வேலை. எத்திலீன் வந்து ஒட்டியதும் தடை விலகுகிறது. இந்தப் புரதத்தில் பழுது ஏற்பட்டு எத்திலீன் ஒட்ட முடியாமற்போன ஒரு தக்காளி வகை சரியாகப் பழுப்பதே இல்லை. தடையை நீக்குவதை 'ஊக்குதல்' என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. 'இயக்கு' என்பது கிரேக்க வேருக்கும் நெருக்கம், நடப்பதற்கும் பொருத்தம். ஆகவே 'தாவர இயக்கி' என்பதே என் தேர்வு. கணினித் துறையிலும் 'இயக்கி' உண்டு என்பதால் 'தாவர' என்ற அடையை விட்டுவிடக் கூடாது.

ஆக்சின் இன்னொரு தாவர இயக்கி; அந்தப் பெயருக்கு 'வளர்' என்னும் கிரேக்கச் சொல் வேர். அது பழுப்பதைத் தள்ளிப்போடும்: ஸ்ட்ராபெர்ரியின் மேலே விதைபோல் ஒட்டியிருப்பவைதான் ஆக்சினைத் தருகின்றன, பச்சைக் காயாக இருக்கும்போதே ஒரு பக்கத்தில் அவற்றைக் கிள்ளி எடுத்தால் அந்தப் பகுதி முந்திப் பழுக்கிறது.

ஸ்ட்ராபெர்ரி, திராட்சை போன்றவற்றில் எத்திலீனைவிட அப்சிசிக் அமிலம் என்ற மற்றொரு தாவர இயக்கிக்கே பெரிய பங்கு. 1960களில், பருத்திக்காய் உதிர்வதை ஆராய்ந்தபோது சிக்கியதால், 'வெட்டி நீக்குதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. உதிர்வில் எத்திலீனின் பங்கே பெரிது என்று பின்னாளில் தெரிந்தது. ஆகையால் இதை 'உதிர்வமிலம்' என்று மொழிபெயர்ப்பதைவிட, அப்சிசிக் அமிலம் என்றே எழுதுவது நல்லது.