டிஸ்ட்ரோ: தமிழில் வழங்கல்

அங் மோ கியோவில் இருக்கும் அக்கா மகன் மிருதங்கம் வாசிப்பான். பழைய மடிக்கணினியில் ஒலிப்பதிவு செய்ய லினக்ஸ் இயங்குதளம் போடப் போகிறானாம். "எந்த டிஸ்ட்ரோ நல்லது மாமா?" என்றான். அடுக்களையிலிருந்து அக்கா, "அதென்னடா, பிஸ்ட்ரோ உணவகம் மாதிரி?" என்றார். நியாயமான கேள்வி.

டிஸ்ட்ரோ, டிஸ்ட்ரிபியூஷனின் சுருக்கம். லத்தீன் வேருக்குப் பொருள், பிரித்துக் கொடுத்தல். இங்கே நடப்பதோ சேர்த்துக் கட்டுவது. கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் கரு, மட்டுமே. அதோடு திரைமுகப்பு, செயலிகள், நிறுவும் கருவி எல்லாம் கூட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. 1993இல் பிறந்த ஸ்லாக்வேரும் டெபியனும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

தமிழில் சிலர் 'விநியோகம்' என்கிறார்கள். சிங்கப்பூரில் அந்தச் சொல்லுக்கு, கையில் சாப்பாட்டுப் பையோடு மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்தான் கண்முன் வருவார். எனக்குப் பிடித்தது, தமிழ்க் கணிமையில் புழங்கும் 'வழங்கல்'. வழங்குதல் என்றால் கொடுத்தல். பழக்கத்தில் இருத்தலும் அதுவே. 'ஊரில் வழங்கும் பெயர்' என்கிறோமே, அந்த வழங்குதல். இசைக்காரர் இரண்டாவது பொருளையும் பார்க்க வேண்டும். இசைக்கென்று வந்த 64 ஸ்டூடியோ என்ற வழங்கல் ஒரு காலத்தில் பெயர்பெற்றது. இன்று புதுப்பிப்பே இல்லை. கொடுத்தார்கள், வழங்கவில்லை.

உபுண்டு ஸ்டூடியோ 2007 முதல் வருகிறது. ஒலிக்கு ஆர்டர் (Ardour), காணொளிக்குக் கேடென்லைவ் (Kdenlive) என்ற செயலிகள் அதிலேயே உண்டு. ஏவி லினக்ஸ், ஃபெடோரா ஜாம் ஆகியவையும் இந்த வேலைக்கென்றே அமைந்தவை.

ஆனால் மிருதங்கக்காரனுக்குப் பெயரைவிடச் சுணக்கம் முக்கியம். தட்டிய ஒலி கணினிக்குள் போய்க் காதொலிப்பானுக்குத் திரும்பும் நேரம். ஒலியை வினாடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கும்போது, பஃபர், அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் மாதிரிகள், 1024 என்றால் அதற்கு மட்டுமே 21 மில்லிவினாடி. 128 என்றால் 3க்கும் குறைவு. இதற்கு உதவும், வேலையை உரிய நேரத்துக்குள் முடிக்கவைக்கும் ரியல்டைம் வசதியைக் கெர்னலில் தனியே ஒட்டுப்போட்டுச் சேர்த்த காலம் உண்டு. 2024இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து அது மூலக் கெர்னலிலேயே இருக்கிறது.

நிறுவாமல், உபுண்டு ஸ்டூடியோவை யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். 1024இல் 'தகதிமி' வாசித்தான். அவன் கைக்கு யாரோ பின்பாட்டுப் பாடுவதுபோல் இருந்தது. 128க்கு இறக்கினால் பழைய கணினியால் ஈடுகொடுக்க முடியாமல் பொரிகடலை வெடிக்கிற சத்தம். 256இல் தொப்பியும் வலந்தலையும் சுத்தமாகக் கேட்டன. அதையே வைத்துக்கொண்டான்.