கற்பனைத்திறன் வேறு, படைப்பாற்றல் வேறு

மாணவர் மதிப்பீட்டு அட்டை ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்திருந்தார்கள். ‘கிரியேட்டிவிட்டி’ இருந்த கட்டத்தில் ‘கற்பனைத்திறன்’ என்று போட்டிருந்தது. வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பிழை இது.

லத்தீனில் ‘கிரியாரே’ என்றால் உண்டாக்குதல். அதன் வழிவந்த சொல்லுக்குப் படைப்பாற்றல்தான் நேர். படைத்தல் நமக்குப் புதிதல்ல. புறநானூறு 194ஆம் பாட்டில் உலகைச் செய்தவன் ‘படைத்தோன்’. 188ஆம் பாட்டிலோ ‘படைப்பு’ என்றால் செல்வம்.

கற்பனை வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. வடமொழியில் அதற்கு அமைத்தல், உருவாக்கல் என்ற பொருளும் உண்டு. தமிழுக்கு வந்தபின் அது மனத்துக்குள் நினைத்துப் பார்ப்பதாகச் சுருங்கிவிட்டது. ‘எல்லாம் உன் கற்பனை’ என்றால் பொய் என்றே அர்த்தம். இமாஜினேஷனுக்கு அது போதும், கிரியேட்டிவிட்டிக்குப் போதாது.

ஒரு சிறுமி வெறும் தாளில் பாலம் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் தட்டையாக வைத்தாள், தொய்ந்தது. மடித்து வைத்தாள், சரிந்தது. அப்புறம் தாள்களைக் குழலாகச் சுருட்டி அடுக்கி, மேலே ஒரு புத்தகத்தை வைத்தாள். நின்றது. கற்பனை முதல் நொடியிலேயே முடிந்துவிட்டது. மீதி அரை மணி நேரம் நடந்ததற்கு என்ன பெயர்?

சொல் தவறினால் மதிப்பும் தவறுகிறது. ஓவியமும் இசையும் கற்பனை என்றால் பொழுதுபோக்கு ஆகிவிடுகின்றன. தேர்வு நெருங்கியதும் அந்த வகுப்புகளைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். அலுவலகத்திலும் கற்பனைத்திறன் என்றால் விளம்பரப் பிரிவுக்கு மட்டும் வேண்டிய குணமாகிவிடுகிறது. கணக்கு எழுதுபவர் குழம்பிக் கிடந்த பதிவேட்டைப் புது முறையில் அமைத்தால், அவருக்குக் கற்பனைத்திறன் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் வம்பு! கற்றல் திறன்களைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாட்டைக் கல்வியாளர்கள் 2001இல் திருத்தியபோது உச்சிப் படியில் வைத்தது படைத்தலை. அதையும் ‘கற்பனை செய்தல்’ என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

‘புத்தாக்கம்’ என்போரும் உண்டு. அது இன்னோவேஷனுக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும். ‘ஆக்கத்திறன்’ என்று எழுதினால் எனக்குச் சண்டை இல்லை. அட்டையில் அந்தக் கட்டத்தை அடித்துப் ‘படைப்பாற்றல்’ என்று திருத்தி அனுப்பினேன்.