தோற்றாலும் விடாத ஆட்டம்: கைப்பேசி விளையாட்டுகள் மூளையைப் பிடித்துவைக்கும் விதம்

பப்ஜி வகை விளையாட்டில் ஓர் ஆட்டம் அதிகம் போனால் ஏறத்தாழ அரை மணி நேரம். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, தோட்டா, மருந்துப்பெட்டி என்று கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ள, கடைசியில் ஓர் அணி மட்டும் மிஞ்சும். நால்வர் அணிகளாக ஆடும்போது 25 அணிகளில் 24 அணிகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றாக வேண்டும். கணினியே இயக்கும் பொம்மை ஆட்டக்காரர்களை இடையில் சேர்த்து இந்தக் கணக்கைச் சற்று இளக்கிக் கொடுத்தாலும், ஆடுகிறவர் வெல்வதைவிடத் தோற்பதே அதிகம். ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு ‘லாஸ்ட் மேட்ச்’ என்று சொல்லித் தொடங்கியவர் இரண்டு மணிக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்பம் கிடைப்பதால் ஆடுகிறார் என்ற எளிய விளக்கம் இங்கே போதவில்லை. இன்பம் குறைந்த பிறகும் ஆடவைக்கும் வேலையொன்று மூளைக்குள் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் விடுபடும் வழிகளில் எவை பலிக்கும், எவை பலிக்காது என்று சொல்ல முடியும்.

1998இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் எட்டு ஆண்களை, மூளையின் வேதி இயக்கத்தைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, பீரங்கி வண்டியைப் போர்க்களத்தில் ஓட்டிக் கொடிகளைச் சேகரிக்கும் ஒரு வீடியோ கேமை ஆடச் சொன்னார்கள். ஆடும் நேரத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளின் சுரப்பு கூடியது. நன்றாக ஆடியவர்களுக்கு அதிகமாகக் கூடியது. இதுபோன்ற செய்திகள் பரவப் பரவ, டோபமினுக்கு ‘இன்ப ரசாயனம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது பாதி உண்மைதான்; மீதிப் பாதி குரங்குகளிடமிருந்து வந்தது.

நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் நியூரான்களை, அதாவது டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்களை, ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து பார்த்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தபோது அந்த நியூரான்கள் துடித்தன. சாற்றுக்கு முன்னதாக ஒளியோ ஒலியோ போன்ற ஒரு குறிப்பு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, அவை குறிப்புக்குத் துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. குறிப்பைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டபோது, சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. ஆகவே டோபமின் தெரிவிப்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை. எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தால் ஏற்றம், அப்படியே அமைந்தால் மாற்றமில்லை, மோசமாக அமைந்தால் இறக்கம். மூளை அடுத்த முறைக்காகக் கற்றுக்கொள்வது இந்த வித்தியாசத்திலிருந்துதான்.

இனி இதை விளையாட்டைத் தயாரிப்பவரின் இடத்திலிருந்து பார்க்கலாம். பரிசு எப்போது வரும் என்று ஆட்டக்காரருக்குத் திட்டமாகத் தெரிந்துவிட்டால் அந்த ஏற்றம் வற்றிவிடும். எனவே அது தெரியாமல் இருக்க வேண்டும். 1950களில் உளவியலாளர்கள் பி. எஃப். ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் புறாக்களைக் கொண்டு இதைக் கண்டிருந்தார்கள். இத்தனை முறை கொத்தினால் ஒரு தானியம் என்று கணக்கு நிலையாக இருந்தால், தானியம் கிடைத்ததும் புறா சற்று ஓய்வெடுக்கும். கணக்கு ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் ஓய்வில்லாமல் கொத்தும். தானியத்தையே நிறுத்திவிட்டாலும் வெகுநேரம் விடாமல் கொத்திக்கொண்டிருக்கும். தூண்டில் போட்டவர் மீன் படாமலே ஏரிக்கரையில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். எந்த வீட்டில் நல்ல துப்பாக்கி கிடக்கும், வானத்திலிருந்து இறங்கும் பெட்டியில் என்ன இருக்கும், காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியில் எந்த ஸ்கின் (பாத்திரத்துக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்காரத் தோற்றம்) வரும் என்று எல்லாமே மாறும் கணக்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியின் சாயல் சூதாட்டத்துக்கு மிக அருகில் இருப்பதை அரசுகளும் கவனித்தன. பல பொருள்களைச் சேர்த்து ஒரு தொகுப்பை முடித்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை ஜப்பான் 2012இல் நிறுத்தவைத்தது. சில விளையாட்டுகளின் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது.

தோல்வியும் இந்த அமைப்பில் வீணாவதில்லை. லூக் கிளார்க் முதலிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்ட இயந்திரத்தில் மயிரிழையில் தவறிய ஆட்டங்கள் முற்றிலும் தோற்ற ஆட்டங்களைவிடக் கசப்பானவை என்றே பங்கேற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் மீண்டும் ஆட வேண்டும் என்ற வேகம் அப்போது கூடியது, வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளும் இயங்கின. இரண்டாம் இடத்தில் செத்தவர் உடனே ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்துவது இதனால்தான்.

கசப்பு கூடும்போது வேட்கையும் எப்படிக் கூட முடியும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் செய்த எலிச் சோதனைகளில் இதற்கான விடை இருக்கிறது. டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாகப் போய் எதையும் தின்னவில்லை. பக்கத்தில் உணவு இருந்தும் பட்டினி கிடந்தன. ஆனால் நாவில் சர்க்கரைத் தண்ணீரை விட்டபோது மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. சுவைப்பது ஒரு நரம்பமைப்பு, நாடுவது வேறொரு நரம்பமைப்பு. டோபமின் முதன்மையாக நாடுதலுக்கு உரியது. நெடுங்காலப் பழக்கத்தில் நாடுதல் பெருகிக்கொண்டே போகலாம், சுவை அப்படியே நிற்கலாம், குறையவும் செய்யலாம். ‘பிடிக்கவே இல்லை, ஆனால் விட முடியவில்லை’ என்று சொல்லும் பிள்ளையை வீட்டில் யாரும் நம்புவதில்லை. அவன் பொய் சொல்லவில்லை.

இதற்கு மேல் நட்பும் இருக்கிறது. ஸ்குவாடில், அதாவது நால்வர் அணியில், மூவர் காத்திருக்கையில் நான்காமவர் எழுந்து போனால் மற்றவர்களின் ரேங்க் இறங்கும். சீசன் முடிவதற்குள் ரேங்க் ஏற்றியாக வேண்டும். தினமும் உள்ளே வந்தால்தான் தொடர் பரிசு அறுபடாது. புத்தகத்தில் அத்தியாயம் முடிகிறது, திரைப்படத்தில் விளக்கு எரிகிறது. இந்த ஆட்டங்களிலோ நிறுத்துவதற்கு ஏற்ற இடம் என்று எதுவும் வருவதில்லை.

நிறைய ஆடுகிறவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது, ‘விளையாட்டுக் கோளாறு’க்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: எப்போது, எவ்வளவு ஆடுவது என்பதில் கட்டுப்பாடு தளர்வது, மற்ற ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் பின்னுக்குத் தள்ளி விளையாட்டு முன்னுக்கு வருவது, கேடு விளைவது தெரிந்தும் தொடர்வது. இவை படிப்பையோ வேலையையோ உறவையோ கணிசமாகப் பாதிக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்கள் நீடித்திருக்கவும் வேண்டும். மணிக்கணக்கு இந்த வரையறையில் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இது சுமார் 3 சதவீதத்தினருக்கு இருப்பதாகவும், கறாரான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 2 சதவீதத்துக்கு அருகில் வருவதாகவும் மதிப்பிடுகிறார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் நாள் முழுக்க ஆடும் பிள்ளை இதில் சேர மாட்டான்.

ஆனால் கோளாறு என்ற எல்லையைத் தொடாதவர்களுக்கும் இது ஆழமான பழக்கமாக இறங்கிவிடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் எலிகளைப் பாதைகளில் ஓடவிட்டு ஸ்ட்ரையாட்டத்தைப் பதிவுசெய்தபோது, முதல் நாள்களில் ஓட்டம் முழுவதிலும் நியூரான்கள் சுறுசுறுப்பாக இருந்தன. பழகப் பழக, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்து நடுவில் அடங்கின. ஒரு செயல்வரிசை முழுவதும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு, தொடக்கத்தில் உள்ள தூண்டுகுறி கிடைத்ததும் தானே அவிழ்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்ததும் விரல் செயலியைத் தொடுவது யோசித்து எடுத்த முடிவன்று. அந்தக் கட்டிலும் அந்த நேரமுமே தூண்டுகுறிகள்.

மன உறுதியை மட்டும் நம்பியிருப்பதும் கடிகாரத்தை மட்டும் நம்பியிருப்பதும் இதனால்தான் தோற்கின்றன. தென்கொரியா 2011இல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது. தடை கணினி விளையாட்டுகளுக்கு மட்டுமே பொருந்தியது. பிள்ளைகளோ கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. சீனா 2019இல் சிறுவர்களுக்கு நாள் அளவு விதித்தது; 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டும் என்று இறுக்கியது. 2019 விதிக்கு முன்னும் பின்னும் பதிவான 700 கோடி மணி நேரத்துக்கும் அதிகமான ஆட்டத் தரவை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, தாம் பார்த்த விளையாட்டுத் தொழிலின் ஒரு பகுதியில் மிகையான ஆட்டம் குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. வீட்டில் தந்தை கைப்பேசியைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவதும் இதே வகைதான். தூண்டுகுறிகள் அப்படியே இருக்கின்றன, ஆட்டம் கொடுத்துக்கொண்டிருந்ததற்கு மாற்று எதுவும் வரவில்லை. சண்டை மட்டும் கூடுதலாக வருகிறது.

பலன் தருவது தூண்டுகுறியின் மேல் கைவைப்பது. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே, கூடத்திலோ சமையலறையிலோ சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரத்தை வாங்கி வைத்தால், இரவுப் பொட்டலம் அவிழ்வதற்கான குறியே வராது. விளையாட்டின் அறிவிப்புகளை நிறுத்துவது, செயலியை நீக்கிவிட்டு ஆட வேண்டுமென்றால் மறுபடி இறக்கிக்கொள்ளும்படி வைப்பது, விளையாட்டுக்குள் செலவிடப் பணம் போடும் (டாப்-அப்) கணக்கிலிருந்து பணம் செலுத்தும் வசதியை எடுத்துவிடுவது ஆகியவையும் அப்படியே. ஒரு ஜிபிக்கு மேல் இறக்கிக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் தானாக ஓடும் விரலை யோசிக்கும் மூளையிடம் ஒப்படைக்கின்றன. ஆசையலை ஒரே உயரத்தில் நிற்பதில்லை, ஏறி இறங்கும் என்பது போதை மறுவாழ்வுத் துறையில் நன்கு தெரிந்த செய்தி. உளவியலாளர் ஆலன் மார்லட் இதற்கு, அலையை எதிர்க்காமல் அது தணியும்வரை கவனித்திருக்கும் முறை ஒன்றையே வகுத்தார்.

காலியான நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே, இடமும் நேரமும் குறித்து முடிவுசெய்ய வேண்டும். ‘இனிக் குறைத்துக்கொள்வேன்’ என்ற உறுதிமொழியைவிட ‘சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் மாடிக்குப் போய் நடப்பேன்’ என்பது அதிகம் நிறைவேறுகிறது. உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்து இதைக் காட்டினார்கள். ஆட்டத்துக்குப் பதிலாக வருவதும் ஏனோதானோவென்று இருக்கக் கூடாது. விளையாட்டில் மக்கள் தேடுவது தன் விருப்பப்படி செயல்படுவதையும், திறமை வளர்வதைக் கண்ணால் காண்பதையும், நாலு பேரோடு சேர்ந்திருப்பதையும் என்று ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி ஆகியோர் 2006இல் எழுதினார்கள். எனவே ஸ்குவாடில் அணித் தலைவனாக இருந்த பையனிடம் தனியாக உட்கார்ந்து பாடப்புத்தகம் படி என்றால் மூன்றில் ஒன்றும் கிடைக்காது. மாலையில் கபடியோ பூப்பந்தோ சிலம்ப வகுப்போ என்றால் மூன்றுமே கிடைக்கும், உடம்பும் களைத்து நேரத்தில் தூக்கம் வரும். ஸ்குவாட் நண்பர்களை நேரில் சேர்த்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. நட்பை விடாமல் ஆட்டத்தை மட்டும் விட வழி கிடைக்கிறது.

புதிய பழக்கம் 21 நாளில் படியும் என்று யார் தொடங்கிவைத்தார்களோ, பலரை மனமொடிய வைத்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, எளிய பழக்கங்கள் தன்னியல்பாவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்ற மதிப்பு கிடைத்தது. நடுமதிப்பு 66 நாள். ஒரு நாள் தவறியது கணக்கைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. பழைய பழக்கமோ அழிவதேயில்லை, அதன் மேல் புதியது எழுதப்படுகிறது என்று மார்க் பௌட்டனின் விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. பழைய சூழல் திரும்பினால் பழையது தலைகாட்டும். ஆறு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு, விடுமுறைக்கு வந்த ஒன்றுவிட்ட சகோதரனோடு ஓரிரவு ஆடியவர் முதல் படிக்குப் போய்விடவில்லை. மறுநாள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் கை போனது என்று பார்த்து அந்தக் குறியை அகற்றினால் போதும்.

ஆட்டத்தை நிறுத்தியும் மனச்சோர்வோ பதற்றமோ விலகவில்லையென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கலாம். கவனக்குறைவுக் கோளாறும் மனச்சோர்வும் இத்துடன் சேர்ந்தே காணப்படுவது வழக்கம், சில சமயம் ஆட்டம் அவற்றிலிருந்து ஒதுங்கும் இடமாகவே இருக்கும். அப்போது வீட்டு வைத்தியம் உதவாது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இணையத்துக்கும் விளையாட்டுக்கும் அடிமைப்பட்ட 143 ஆண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் 15 வார அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் 69 சதவீதத்தினர் மீண்டார்கள். சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களில் 24 சதவீதத்தினர் மட்டுமே மீண்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசி, அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி கேட்கலாம்.