ஆட்கொணர்வு: காவலில் வைத்தவருக்குப் போகும் கடிதம்

"ஆட்கொணர்வு மனு தாக்கல்" என்று செய்தி வந்தால் பலரும் அதை, காணாமல் போனவரைத் தேடிக் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் மனு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மகளைக் காணோம், கணவரைக் காணோம் என்று போடப்படும் மனுக்கள் அடிக்கடி செய்தியாவதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்தச் சொல்லின் அசல் வேலை வேறு. ஆள் எங்கே என்று தெரியும், சாவி யாரிடம் என்றும் தெரியும், அந்தச் சாவிக்காரர் அரசாங்கமாக இருப்பதால் "ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கத்தான் நாதியில்லை. அந்தக் கேள்வியை நீதிமன்றத்தின் வாயால் கேட்க வைப்பதற்கான வழி இது.

மூலச் சொல் லத்தீன்: ஹேபியஸ் கார்ப்பஸ். கார்ப்பஸ் என்றால் உடல். ஹேபியஸ் என்பது "உன்னிடம் இருக்கட்டும்", "நீ கொண்டிருப்பாயாக" என்று முன்னிலையில் ஒருவரைப் பார்த்துச் சொல்லும் வினை. இடைக்கால இங்கிலாந்தில் அரசர் பெயரால் போகும் ஆணைகள் லத்தீனில்தான் எழுதப்பட்டன. அந்த ஆணைக்குள் வரும் இரண்டு சொற்களே நாளடைவில் அதற்குப் பெயராகிவிட்டன. முழுப்பெயர் இன்னும் நீளம், ஹேபியஸ் கார்ப்பஸ் அட் சப்ஜிசியெண்டம். இன்னாருடைய உடலோடு எம் முன் வந்து நில், நீதிமன்றம் சொல்வதற்கு அவர் உட்படட்டும் என்பது அதன் சாரம். அந்த "நீ" யார் என்று பார்த்தால், அடைபட்டிருப்பவர் இல்லை, அடைத்து வைத்திருப்பவர். கடிதமே அவருக்குத்தான் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் இதற்கும் விடுதலைக்கும் தொடர்பே கிடையாது. பிரதிவாதியையோ சாட்சியையோ இழுத்து வந்து நிறுத்த நீதிமன்றம் வைத்திருந்த ஒரு கருவி, அவ்வளவே. அப்புறம்தான் வழக்கறிஞர்கள் அதைத் திருப்பிப் பிடித்தார்கள்: ஆளைக் கொண்டு வரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது என்றால், கொண்டு வரும்போது காரணத்தையும் சொல்லச் சொல்லலாமே? காரணம் சட்டத்துக்கு ஒத்துவராவிட்டால் அங்கேயே விட்டுவிடச் சொல்லலாமே? 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவிலேயே ஹேபியஸ் கார்ப்பஸ் இருக்கிறது என்று எழுதுபவர்கள் உண்டு. அதன் 39ஆவது பிரிவு, நாட்டின் சட்டப்படி அல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தக் கூடாது என்கிறது, உண்மைதான். ஆனால் இந்தச் சொல் அதில் இல்லை. கொள்கை ஓரிடத்திலும் கருவி வேறிடத்திலும் கிடந்தன, இரண்டும் ஒட்டிக்கொள்ளச் சில நூற்றாண்டுகள் பிடித்தன.

ஒட்டிக்கொண்ட இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1627இல் முதலாம் சார்லஸ் மன்னர் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே கட்டாயக் கடன் வசூலிக்கிறார், மறுத்தவர்களைச் சிறையில் போடுகிறார். அவர்களில் நைட் (வீரர்) பட்டம் பெற்ற ஐந்து பிரமுகர்கள் ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்கிறார்கள். ஆணை போகிறது, சிறைத் தரப்பிலிருந்து பதிலும் வருகிறது. அந்தப் பதிலில் குற்றம் என்று ஒன்றுமே இல்லை. மன்னரின் சிறப்புக் கட்டளைப்படி வைத்திருக்கிறோம் என்று மட்டும் இருக்கிறது. நீதிபதிகள் அதைப் படித்துவிட்டு அவர்களைப் பிணையில் விட மறுத்துவிட்டார்கள். ஆள் வந்தார், காரணமும் வந்தது, ஆனால் "அரசர் சொன்னார்" என்பதே காரணம் என்றால் அப்புறம் கேள்வி கேட்டு என்ன பயன்? மறு ஆண்டே நாடாளுமன்றம் உரிமை விண்ணப்பம் கொண்டுவந்து, காரணம் காட்டாத சிறைவைப்பு கூடாது என்றது.

1679இல் வந்த ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டத்தை நான் ரசிப்பது அதன் கறார்த்தனத்துக்காக. சுதந்திரத்தைப் பற்றிய அலங்காரப் பேச்சு அதில் தேடினாலும் கிடைக்காது, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகும். சிறை 20 மைலுக்குள் இருந்தால் 3 நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும், 100 மைல்வரை 10 நாள், அதற்கும் மேல் என்றால் 20 நாள். இழுத்தடிக்கும் சிறை அதிகாரிக்கு முதல் தடவை 100 பவுண்டு, மறுபடி செய்தால் 200 பவுண்டு. நீதிமன்ற விடுமுறையில் ஆணை தர மறுக்கும் நீதிபதிக்கே 500 பவுண்டு. கைதியைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு "இங்கே இல்லையே" என்று கைவிரிப்பதற்கும் தடை. ஒவ்வொரு விதியையும் தலைகீழாகப் படித்தால், அதுவரை அதிகாரிகள் எப்படியெல்லாம் டிமிக்கி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆள் + கொணர்வு. நாள் + காட்டி நாட்காட்டி ஆவதுபோல ளகரம் டகரமாகி ஆட்கொணர்வு. லத்தீன் "உடல்" என்கிறது, தமிழாக்கியவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, நல்ல வேளை. "உடலைக் கொண்டு வா" என்றால் தமிழ்க் காதுக்குப் பிரேதப் பரிசோதனைதான் ஞாபகம் வரும். ஆள் என்ற சொல்லில் உயிரும் இருக்கிறது, நடந்து வந்து நிற்கிற மனிதரும் இருக்கிறார். கொணர் என்பதும் பழைய வினை, கொண்டு வருதல் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சொல்லும் "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" எல்லாருக்கும் தெரிந்த அடி. அந்த ஆணையில் கொணரச் சொன்னது சிலம்பை. ஆளைக் கொணரச் சொல்லவில்லை. கோவலனை அவைக்குக் கொண்டுவந்து நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதையே வேறு. ஆட்கொணர்வு என்ற சொல்லை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் இந்த அடியைத்தான் எடுப்பேன், சட்டப் புத்தகம் அப்புறம்.

ஆளைக் கொண்டு வரச் சொல்வதில் என்ன பெரிய வலிமை என்று கேட்கலாம். 1772இல் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமை தன்னை வாங்கியவரிடமிருந்து தப்பி ஓடி, பிடிபட்டு, ஜமைக்காவுக்குப் போகவிருந்த கப்பலில் விலங்கோடு அடைக்கப்பட்டிருந்தார். கப்பல் தலைவருக்கு ஹேபியஸ் கார்ப்பஸ் போனது. ஆளைக் கொண்டு வந்துதான் ஆக வேண்டும், காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். "அடிமை" என்பதுதான் காரணம். இப்படி ஒருவரை வலுக்கட்டாயமாக நாடு கடத்த இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு விடுவித்துவிட்டார். பிடித்து வைத்தவர் தனியாளாக இருந்தாலும் இந்த ஆணை பாயும் என்பதற்கும் இதுவே சான்று.

இலங்கையில் 1937இல் பிரேஸ்கேர்டில் வழக்கு. தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று இடதுசாரி மேடையில் பேசப் போக, நாட்டைவிட்டு வெளியேறு என்று ஆளுநர் உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார், பிறகு கைதானார், ஆட்கொணர்வு கேட்டு வழக்கு. நெருக்கடிக் காலத்துக்கென்று இருந்த அதிகாரத்தைச் சாதாரண நாளில் ஆளுநர் எடுத்துப் பயன்படுத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மே 18 அன்று அவரை விடுவித்தது. குடியேற்ற நாட்டு ஆளுநரிடம் போய் "எந்தச் சட்டப்படி?" என்று கேட்க இந்த ஒரு ஆணை போதுமானதாக இருந்திருக்கிறது.

இங்கேதான் அரசியலமைப்பு உள்ளே வருகிறது. சாதாரணச் சட்டத்தில் இருக்கும் உரிமையைப் பெரும்பான்மை உள்ள எந்த அரசும் இன்னொரு சட்டம் போட்டு எடுத்துவிடலாம்; அரசியலமைப்பில் எழுதிவிட்டால் அவ்வளவு லேசாகக் கை வைக்க முடியாது. அமெரிக்க அரசியலமைப்பு இதைச் சொல்லும் விதமே சுவையானது. ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமை உண்டு என்று அது அறிவிப்பதில்லை. கலகமோ படையெடுப்போ வந்து பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் ஒழிய அதை நிறுத்தி வைக்காதே என்று அரசைப் பார்த்துச் சொல்கிறது. கியூபாவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ சிறையில் இருந்த வெளிநாட்டவருக்கும் இது உண்டு என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்திய அரசியலமைப்பில் 32ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்றமும் 226இன்படி உயர் நீதிமன்றங்களும் இந்த ஆணையைப் பிறப்பிக்கலாம். பின்னால் நிற்பவை 21ஆவது உறுப்பும் 22ஆவதும்: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது, கைதானவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு, அதாவது இனி குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே பிடித்து வைப்பதற்கு, அந்த 24 மணி நேர விதி கிடையாது, அது பெரிய ஓட்டைதான். ஆனாலும் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும். குண்டர் சட்டக் காவலை எதிர்த்த ஆட்கொணர்வு மனுக்களில், முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை என்பதற்காகவெல்லாம் காவல் ரத்தாவதைப் பார்த்து "டெக்னிக்கல் காரணத்தில் தப்பித்துவிட்டான்" என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விசாரணையே இல்லாமல் ஒருவரை ஓராண்டுவரை உள்ளே வைக்கிற அதிகாரம் அது. நடைமுறையைத் தவிர அவருக்கு வேறு எந்தக் கவசம் இருக்கிறது?

இந்தக் கவசமும் ஒருமுறை கழன்று விழுந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், 14, 21, 22 ஆகிய உறுப்புகளைக் காட்டி நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனாலும் மனுவை விசாரிப்போம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லின. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் வழக்கில், 4க்கு 1 என்ற கணக்கில் முடியாது என்றுவிட்டது. மாறுபட்ட ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. போலீஸ் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூடவா நிவாரணம் இல்லை என்று விசாரணையின்போது அவர் கேட்க, என் வாதப்படி நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னது பதிவாகியிருக்கிறது. அடுத்த தலைமை நீதிபதியாக வர வேண்டிய கன்னாவைத் தாண்டி, பணிமூப்பில் அவருக்கு இளையவர் ஒருவர் நியமிக்கப்பட்டார், கன்னா விலகினார். பிறகு 1978இல் 44ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21 உறுப்புகளை நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொன்னது 2017இல், அந்தரங்க உரிமை வழக்கில். தீர்ப்பெழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மைப் பக்கம் இருந்த நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை.

நெருக்கடி நிலை விலக்கப்பட்டதும் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜன் வழக்கையும் சொல்லியாக வேண்டும். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர், 1976 மார்ச் 1 அன்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, திரும்பவில்லை. தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. நீதிமன்றம் அதை நம்பாமல் ஆளைக் கொண்டுவா என்று உத்தரவிட்டது, கொண்டுவர ஆள் உயிரோடு இல்லை. காவலில் இறந்ததை அரசு ஒத்துக்கொள்ள நேர்ந்தது. முதல்வர் கருணாகரன் 1977 ஏப்ரலிலேயே பதவி விலகினார். இந்த மனுவால் மகன் கிடைக்கவில்லை. ஆனால் "எங்களிடம் இல்லை" என்ற பொய்யை அதற்கு மேல் சொல்ல விடவில்லை.

கடைசியாகப் பயன்பாடு பற்றி. ஆட்கொணர்வு மனு, ஆட்கொணர்வு நீதிப்பேராணை இரண்டும் ஒன்றில்லை. மனு நாம் போடுவது. உறவினர், நண்பர் யாரும் போடலாம், திகார் சிறையிலிருந்து சக கைதிக்காக ஒருவர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நீதிப்பேராணை நீதிமன்றம் போடுவது. இலங்கையில் எழுத்தாணை என்பார்கள், எழுதிய ஆணை என்ற பொருள் அப்படியே வந்துவிடுவதால் எனக்கு அதுவே பிடிக்கும். ஆட்கொணர், ஆட்கொணர்வு என்று இரு வடிவமும் புழக்கத்தில் உண்டு, எதை எழுதினாலும் சரி. "நீதிமன்றம் ஆட்கொணர்வு மனு பிறப்பித்தது" என்று மட்டும் எழுத வேண்டாம்.